இரண்டு கரண்டி வயிறு

கல்யாண வீட்டு முதல் பந்தி. தலைவாழை இலை போட்டு, உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, கறி எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. சாதம் வருவதற்கு முன்னால் வழக்கம்போல் பாயசம் வந்தது.

"இன்னும் ஒரு கரண்டி விடுப்பா அந்த இலையிலே! கல்யாணப் பெண்ணுக்குச் சித்தி, இப்படியா துரும்பாய் இளைத்துப் போயிருப்பாள்!" என்று எதிர் வரிசையில் இருந்த ஒரு பாட்டியம்மாள் உத்தரவு போட்டாள். பரிமாறுகிறவர் இரண்டு கரண்டியாகவே விட்டுவிட்டுப் போனார்.

அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது என் பெரியம்மாவின் பெண். எனக்கு அக்கா முறை. "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஏன் வேண்டாம் என்று அடுத்த கேள்வி வருமே! அதற்குப் பதில் சொல்லப் பயந்து, பாயசத்தை மடமடவென்று வழித்துச் சாப்பிட்டுவிட்டாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவள் முகம் வெளுத்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அண்டா குண்டாக்கள் கழுவும் பின்கட்டுக்கு ஓடிப் போய்த் தரையிலேயே சாய்ந்துவிட்டாள். கூடிய பெண்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி "பித்தம்" என்றாள். இன்னொருத்தி "திருஷ்டி" என்றாள். மூன்றாமவள் என் காதோடு காதாக, "ஏதாவது விசேஷமோ?" என்று கேட்டாள். நாற்பத்தோரு வயதில், கல்லூரியில் படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, அக்கா அந்தக் கேள்வியையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

விசேஷம் ஒன்றுமில்லை. அதற்கு நாலு மாதம் முன்னால் அவள் உடம்பைக் குறைப்பதற்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பந்தியில் இருந்தவர்களில் அது தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

இந்த விஷயத்தை இப்போது அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதே, மற்றதை எல்லாம் எழுது. எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ உபயோகமாக இருந்திருக்கும்" என்றாள். ஆகவே, வாசகிகளே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ யாராவது இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால், அல்லது செய்துகொண்டு வந்திருந்தால், சற்று நிதானமாகப் படியுங்கள்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணமாக நம் இரைப்பை ஒரு லிட்டருக்கு மேலேயே கொள்ளும். அக்காவுக்குச் செய்த சிகிச்சைக்கு 'காஸ்டிரிக் பைபாஸ்' என்று பெயர். இரைப்பையின் மேல் நுனியில் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர்; அதாவது இரண்டு மேஜைக் கரண்டி! பிறகு சிறுகுடலை ஓர் இடத்தில் வெட்டி, கீழ்ப் பகுதியை மேலே கொண்டுவந்து அந்தச் சின்னப் பையோடு இணைத்துவிடுகிறார்கள். சாப்பிட்ட ஆகாரம் பழைய இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல், புறவழிச் சாலையில் போகிற பஸ்ஸைப் போல நேரே கீழே போய்ச் சேருகிறது.

இன்னொரு வகை, இன்று மிகவும் பரவலாகச் செய்யப்படுவது, 'ஸ்லீவ்' சிகிச்சை. அதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ரவிக்கையின் கைபோல ஒடுங்கிய ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த பாகத்திலிருந்துதான் வருகிறது. ஆகையால் இடமும் குறைகிறது, பசியும் குறைகிறது. அந்தச் சுரப்பை ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே 1999ஆம் ஆண்டில்தான்.

நம் இரைப்பை ஒரு நல்ல வீட்டு எஜமானி மாதிரி. வந்ததை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு அளந்து கொடுக்கும். பைபாஸ் செய்தபின் அந்த எஜமானி இல்லை. சர்க்கரை மிகுந்த பாயசம் லாரி மணலைக் கொட்டினாற்போலக் குடலில் கொட்டுகிறது. அதைக் கரைப்பதற்காக இரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. பல சுரப்புகள் ஒரேயடியாகக் கிளம்புகின்றன. பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்று வலி, பேதி! ஆங்கில வைத்தியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'டம்ப்பிங்', கொட்டுதல் என்பதுதான். இன்னும் சிலருக்குச் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிக் கை நடுங்கி மயக்கம் வருவதும் உண்டு.

அக்காவைக் கீழே தள்ளியது பித்தமும் இல்லை, திருஷ்டியும் இல்லை. இரண்டு கரண்டிப் பையில் விழுந்த இரண்டு கரண்டிப் பாயசம்!

அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

"வாயைக் கட்டினால் போதாதா? வயிற்றை வெட்ட வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். பதினோரு வருஷமாக அவள் இருந்த பட்டினிகளின் கணக்கு அதில் இருந்தது. கொள்ளுக் கஞ்சி, வெந்நீரில் தேன், ராத்திரி ஒரு சப்பாத்தி, விடியற்காலை நடை. ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோ இறங்கி ஏழு கிலோ ஏறியிருக்கிறது. கடைசியில் ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு 112 கிலோ. நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல். இன்சுலின் ஊசி தினம் இரண்டு வேளை.

நம் சமூகத்தில் பருமனைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறோம். ஆனால் ஒருமுறை ஏறிய எடையைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பே பசியைக் கூட்டியும் செலவைக் குறைத்தும் போராடுகிறது என்பதை இன்று வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொள்கிறது. இது நம் ஊரில் ஓரிருவர் கவலையும் அல்ல. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் என்று அர்த்தமல்ல. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் வரும். அக்காவுக்கு அது 45. உலகச் சிகிச்சை நிபுணர்கள் 2022இல் வகுத்த விதிகளின்படி அந்த எண் 35க்கு மேல் இருந்தால் இந்தச் சிகிச்சை தகும். நீரிழிவு போன்ற வியாதி இருந்தால் 30லேயே யோசிக்கலாம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு பிடிப்பதால் 27.5ஐத் தாண்டினாலே ஆலோசிக்கலாம் என்கிறார்கள்.

சிகிச்சையும் புதிதல்ல. 1954லேயே அமெரிக்காவில் மின்னஸோட்டாவில் சிறுகுடலின் பெரும் பகுதியை ஒதுக்கிவிடும் ஆபரேஷன் தொடங்கியது. எடை இறங்கியது, ஆனால் தீராத பேதி, சிறுநீரகக் கல், ஈரல் கேடு என்று ஒவ்வொன்றாக வந்ததால் அந்த முறையைக் கைவிட்டார்கள். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் இளைத்துப் போவதைக் கவனித்த டாக்டர் எட்வர்ட் மேஸன், அயோவாவில் 1966இல் டாக்டர் இட்டோவுடன் சேர்ந்து காஸ்டிரிக் பைபாஸைத் தொடங்கினார். 1990களிலிருந்து வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகவே செய்ய முடிந்தது.

பத்தியம் தெரிந்த வீடு

ஆபரேஷன் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "அது டாக்டருடைய வேலை, அதற்கப்புறம்தான் என் வேலை ஆரம்பமாயிற்று" என்கிறாள் அக்கா.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மருந்துக் குப்பியில் தண்ணீர் கொடுத்துக் கால் மணிக்கு ஒரு தடவையாக உறிஞ்சச் சொன்னார்கள். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பழகிய தொண்டைக்கு அது எப்படியிருக்கும்! பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் நீர் ஆகாரம்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், பால், மோர். அடுத்த இரண்டு வாரம் மசித்த ஆகாரம்: நெய் விடாமல் குழைத்த பாசிப் பருப்பு, ரசத்தில் ஊறிக் கரைந்த இட்லி. அப்புறம் மிருதுவான கறிகாய். இரண்டு மாதம் கழித்துத்தான் வீட்டுச் சமையல் பக்கம் திரும்ப முடிந்தது.

இதெல்லாம் மாமியாருக்குத் தெரியாமல் நடக்குமா? நடந்தது! "வயிற்றில் ஒரு சின்னக் கட்டி" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் நல்லவர். கையால் வஞ்சனையில்லாமல் போடுகிறவர். மருமகள் மூன்று கரண்டியோடு எழுந்திருப்பதைக் கண்டு, "என் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று மூக்கைச் சிந்தினார். ஒரு நாள் அன்பு மிகுந்து, வெண்பொங்கலில் நெய்யை ஊற்றி, "எனக்காக" என்று தட்டை நீட்டினார். அக்கா எனக்காகச் சாப்பிட்டாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

கல்யாண வீட்டில் விழுந்த அன்று ராத்திரிதான் உண்மையைச் சொன்னாள். கிழவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம் போட்டவள் நான். என்னிடம் சொல்ல உனக்கு என்னம்மா பயம்?" என்று கேட்டாராம்.

எவ்வளவு அழகான வார்த்தை! பத்தியம் என்பது நம் வீடுகளுக்குப் பரம்பரையாகத் தெரிந்த சமாசாரம். ஒரே ஒரு வித்தியாசம்: பிரசவப் பத்தியம் நாற்பது நாளில் முடியும். இது ஆயுசு முழுக்க.

இலையில் எது முதல்?

அந்தப் பத்தியத்தின் விதிகள் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் நம் பழக்கத்துக்கு நேர் விரோதம்.

முதல் விதி: புரதம் முதலில். நாம் சாதத்தை நடுவில் குவித்து மற்றதெல்லாம் அதற்குத் துணை என்று நினைப்பவர்கள். இரண்டு கரண்டி வயிற்றில் சாதம் முதலில் போனால் வேறு எதற்கும் இடமில்லை. நாள் ஒன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். ஒரு டம்ளர் பாலில் ஆறு, ஏழு. ஒரு முட்டையில் 6. நூறு கிராம் பன்னீரில் சுமார் 18. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டுக்குக் குறையாது. உலர்ந்த சோயா உருண்டையில் பாதிக்குப் பாதி புரதம். முட்டை தொடாத வீடு ஆகையால் அக்கா காலையில் ஐம்பது கிராம் பன்னீர், மத்தியானம் கெட்டிப் பருப்பும் கீரையும் சோயாவும் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு கரண்டி சாதம், சாயங்காலம் சுண்டல், இரவு சின்னதாக ஓர் அடை, நடுவில் டாக்டர் எழுதிக் கொடுத்த புரதப் பொடி கலந்த பால் என்று ஒப்பேற்றுகிறாள்.

இரண்டாவது விதி: இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர். ஆனால் நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் வாய் வாயாக உறிஞ்சியாக வேண்டும்.

மூன்றாவது: இருபது, இருபத்தைந்து தடவை மென்று, இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும். பிள்ளைக்கும் கணவனுக்கும் டப்பா கட்டிவிட்டு நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும் நமக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்! "என் கல்யாணத்துக்கு அப்புறம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதே இந்த ஆபரேஷனுக்குப் பிறகுதான்" என்று அக்கா சிரிக்கிறாள்.

நான்காவது: நிறைந்த அடையாளம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம், ஒரு விக்கல், சில பேருக்கு மூக்கில் நீர், அதுதான் மணி. அதற்கு மேல் ஒரு வாய் போனால் அத்தனையும் திரும்பி வரும்.

நழுவிய செருப்பு

இனிச் சொல்லப் போவதை அக்கா இரண்டு முறை சொல்லி எழுதச் சொன்னாள்.

ஆபரேஷன் ஆன பத்தாவது மாதம். நாற்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. இன்சுலினோ, ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்குவது இந்தச் சிகிச்சையின் அதிசயம். (அதனாலேயே பழைய அளவு ஊசியையும் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் தொடர்வது ஆபத்து. நீரிழிவு பின்னாளில் திரும்பி வருவதும் உண்டு, சோதனையை விடக்கூடாது.) படியேறினால் மூச்சு வாங்கவில்லை. பழைய புடவைகளை எல்லாம் கட்ட முடிந்தது. "இவ்வளவு நன்றாக இருக்கிறேனே, இத்தனை மாத்திரை எதற்கு?" என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டாள். மாசா மாசம் ஆகிற செலவும் மிச்சம்!

ஐந்து மாதம் ஓடியது. பஞ்சின் மேல் நடக்கிறாற்போலக் கால் மரத்தது. "பழைய சர்க்கரை வியாதியின் மிச்சம்" என்று நினைத்துக்கொண்டாள். மாடி ஏறினால் மறுபடியும் மூச்சு வாங்கியது. ஒரு நாள் கறிகாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துப் பிள்ளை, "அம்மா, இன்னொரு செருப்பு எங்கே?" என்று கேட்டான். குனிந்து பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது தெருவில் எங்கேயோ நழுவி விழுந்திருக்கிறது. அது விழுந்ததும் தெரியவில்லை, வெயிலில் வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை.

இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. பி-12 வைட்டமின் அதலபாதாளத்தில். காரணம் சுலபம். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் முக்கியமாக உடம்பில் சேருவது சிறுகுடலின் முதல் பகுதியில். அந்தப் பகுதியைத்தான் பைபாஸ் தாண்டிப் போகிறது. பி-12 சேர இரைப்பையின் சுரப்பு வேண்டும், அதுவும் ஒதுக்கப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு அக்கா சைவம். பல வருஷமாக நீரிழிவுக்குச் சாப்பிட்ட மெட்பார்மின் மாத்திரையும் பி-12ஐக் குறைக்கக்கூடியது.

வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் இடது காலின் சுண்டு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. "இது எனக்கு நினைவூட்டும் கடிகாரம்" என்கிறாள். பழைய கை மணிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி, மாத்திரைக்குத் தினம் நேரம் வைத்திருக்கிறாள். காலையில் பல சத்து மாத்திரையும் இரும்பும். அதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் சுண்ணாம்புச் சத்து. இரண்டும் சேர்ந்து போனால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரும்பு மாத்திரையோடு காப்பி, டீயும் ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்தச் சோதனை.

இன்னொரு எச்சரிக்கை. ஆபரேஷன் ஆனவர்களுக்கு நாள்கணக்கில் வாந்தி நிற்காமல் போனால், "சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. தயமின் என்ற பி-1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழம்புவது ஆகியவை மூளைக்கு ஆபத்து வந்துவிட்டதன் அடையாளம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "வயிற்றில் இன்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கேடு அதிகமாகலாம். தலைவலிக்கும் முழங்கால் வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். அவற்றில் பல, பைபாஸ் ஆனவர்களுக்குக் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும்.

கூந்தலும் கண்ணாடியும்

மூன்றாம் மாதத்திலிருந்து சீப்பில் கொத்துக் கொத்தாக மயிர் வந்தது. உடம்பு வேகமாக இளைக்கும்போது உண்டாகும் அதிர்ச்சி இது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குமேல் நின்று, திரும்ப முளைத்துவிடும். புரதமும் இரும்பும் குறையாதிருந்தால். வயிற்றிலும் மேல் கையிலும் தோல் தொங்குகிறது. அதற்கு எண்ணெயும் இல்லை, தைலமும் இல்லை. வேகமான இளைப்பில் பித்தப்பையில் கல் சேருவதும் உண்டு. அதைத் தடுக்கச் சில மாதங்கள் மாத்திரை கொடுக்கிறார்கள்.

இளம் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. எடை குறைந்தால் ஒழுங்கில்லாதிருந்த மாதவிலக்கு சீராகும். பல வருஷம் இல்லாத கர்ப்பம் திடீரென்று தரிக்கும். ஆனால் ஆபரேஷன் ஆன பிறகு பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரையில் கர்ப்பத்தைத் தள்ளிப் போட வேண்டும் என்பது வைத்தியர்கள் கருத்து. தாய்க்கே போதாத சத்து சிசுவுக்கு எங்கிருந்து வரும்? பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையையும் முழுக்க நம்ப முடியாது. வேறு வழியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்பை விட மெதுவாக மாறுவது மனசு. எழுபத்திரண்டு கிலோவுக்கு இறங்கிய பிறகும் அக்கா பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் ஸீட்டில் உட்காரத் தயங்கி நின்றாள். கண்ணாடியில் தெரிகிறவள் யாரோ என்று தோன்றுமாம். ஊர் வாயோ கேட்கவே வேண்டாம். பருத்திருந்தபோது "எந்தக் கடை அரிசி?" என்று கேட்டவர்கள், இளைத்தபோது "ஏதாவது பெரிய வியாதியா?" என்று கேட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். "ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். அது பசி இல்லை. அன்றைக்குப் பட்ட வருத்தத்துக்கு மருந்து. வயிற்றை வெட்டிய டாக்டர் அந்த வருத்தத்தை வெட்டவில்லையே! மருந்து மட்டும் போய்விட்டது. வியாதி அப்படியே இருந்தது." ஆறு மாதம் மனநல ஆலோசகரிடம் போய் வந்தாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பின் சிலருக்கு மனச்சோர்வு மிகுந்து, உயிரை வெறுக்கும் எண்ணமே வருவதுண்டு என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் கண் வைத்திருக்க வேண்டும். 14416 என்ற அரசாங்க மனநலத் தொலைபேசியில் எந்த நேரமும் பேசலாம். ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: பைபாஸ் ஆனபின் மதுபானம் முன்னைவிட விரைவாகத் தலைக்கேறும், பழக்கமாகிவிடும் அபாயமும் அதிகம்.

திரும்பி வருமா?

எடை திரும்பி வருமா என்றால், கொஞ்சம் வரும். பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் எடை கடைசிப் படிக்கு இறங்கி, பிறகு சிறிது ஏறும். 72 வரை இறங்கிய அக்கா இன்று 75. சாதம் போகாத வழியில் முறுக்கும் மிக்ஸரும் சர்க்கரைக் காப்பியும் சுலபமாகப் போய்விடும். அங்கேதான் கள்ளன் நுழைகிறான். பந்தாட்ட வீரர் மாரடோனா 2005இல் கொலம்பியாவில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு மிகவும் இளைத்தார். மறுபடியும் பருத்து, 2015இல் இன்னொரு ஆபரேஷனுக்குப் போக வேண்டி வந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றை நிறுத்தினால் எடை திரும்புவது சகஜம்.

அப்படியானால் இத்தனை பாடும் வீணா? இல்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, சுமார் நாலாயிரம் பேரை ஆபரேஷன் ஆனவர்கள், ஆகாதவர்கள் என்று இரு பிரிவாக வைத்துப் பல வருஷம் கவனித்தார்கள். 2007இல் வெளியான முடிவில், ஆபரேஷன் ஆனவர்களிடையே மரணம் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. அக்கா இறக்கி வைத்திருப்பது ஓர் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தையும், அதன் மேல் ஓர் இரண்டு வயதுக் குழந்தையையும். அத்தனையையும் சுமந்துகொண்டுதான் அவள் இத்தனை வருஷம் நமக்கெல்லாம் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்!

சென்ற மாதம் இன்னொரு கல்யாணம். மறுபடியும் பந்தி, மறுபடியும் பாயசம். பரிமாறுகிறவர் கரண்டியைச் சாய்க்கப் போனார். அக்கா பேசுவதற்கு முன்னாலேயே பக்கத்து இலையிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"அவளுக்கு அது ஆகாதப்பா, வயிற்றில் ஆபரேஷன் ஆனவள். பருப்பு இருந்தால் கொண்டு வா. அவசரப்படுத்தாதே, மெதுவாகத்தான் சாப்பிடுவாள்."

மாமியார்தான். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அக்காவின் முகம் ஒரு கணம் சிவந்தது. பிறகு, மாமியார் தம் இலையிலிருந்து எடுத்து வைத்த ஒரு பிடிச் சுண்டலை அவள் ஒவ்வொன்றாக மெல்லத் தொடங்கினாள். எல்லோரும் எழுந்து கை கழுவப் போன பிறகும், அவளோடு துணைக்கு அந்தக் கிழவி வெற்றிலையுடன் உட்கார்ந்தே இருந்தார்.

அடுத்த பந்தியில் உங்கள் பக்கத்து இலைக்காரி "போதும்" என்றால், வாசகிகளே, ஏன் என்று கேட்காதீர்கள். போதும் என்றால் போதும்.